சராசரியும் மக்களும்: இலங்கையில் நல்வாழ்வை அளந்த வரலாறு

ஒரு நாட்டின் செல்வத்தை அளத்தலும் அந்நாட்டு மக்களின் நல்வாழ்வை அளத்தலும் ஒன்றல்ல. நாட்டு வருமானக் கணக்கீட்டுக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரான சைமன் குஸ்நெற்ஸ், 1934 இல் அமெரிக்க செனற் சபைக்குச் சமர்ப்பித்த அறிக்கையிலேயே, வருமானத் தொகையைக் கொண்டு மக்கள் நலத்தை ஊகித்தல் அரிது என எச்சரித்திருந்தார். எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடுகளைத் தரப்படுத்துதற்குத் தலா வருமானமே பெரிதும் கையாளப்பட்டது. அவ்வழக்கத்தின் குறைபாட்டை விளக்க அறிஞர் பலரும் சுட்டிக் காட்டிய நாடு இலங்கையாகும். ஆயின், அதற்கு மாற்றாக எழுந்த அளவுகோல்களின் குறைபாட்டையும் இந்நாட்டு வரலாறே உணர்த்துகின்றது.

மொறிஸ் டேவிட் மொறிஸ் என்பார் 1979 இல் நூலாக வெளியிட்ட பௌதிக வாழ்க்கைத்தரச் சுட்டெண், சிசு மரண வீதம், ஒரு வயதிலுள்ள குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள், எழுத்தறிவு ஆகிய மூன்றினையும் கூறுகளாகக் கொண்டது. பூச்சியம் முதல் நூறு வரையான அவ்வளவையில் இலங்கை 80 புள்ளிகளைக் கடந்து நின்றது. வருமானத்தில் இலங்கையைப் போன்றே வறிய நாடாயிருந்த இந்தியா 50 புள்ளிகளைத்தானும் எட்டவில்லை.

இவ்வுயர்ச்சி தற்செயலாக வாய்த்ததன்று. போர்க்காலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலைகள் கிராமங்களை நோக்கிப் பரவின. மலேரியா நுளம்பை ஒழிக்க டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக 1946 இல் இருந்த மரண வீதம், மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 1946 இல் 141 இறந்தன. 1947 இல் அத்தொகை 101 ஆயிற்று. இந்நலன்களை மக்கள் தம் உரிமையாகவே கருதினர். பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகத்தில் எழுந்த ஹர்த்தாலும் அதன் பின்னர் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகியமையும் இதற்குச் சான்றாகும்.

எனினும், நாடு முழுவதற்குமான சராசரி அனைவரின் வாழ்வையும் காட்டிவிடுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கில்லாதார் குரல் பாராளுமன்றத்தில் ஒலிக்கவில்லை. அவர்தம் பிள்ளைகளின் கல்வியும் மருத்துவமும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. உலகோர் இலங்கையின் சுட்டெண்ணை வியந்த அதே தசாப்தத்தில், தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியிலும் மிக உயர்ந்து நின்றது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் அங்கு மரணங்கள் மேலும் பெருகின.

இம்மக்களின் வறுமையைப் பணத்தால் மட்டும் அளந்தபோது வேறொரு மயக்கம் நேர்ந்தது. உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டின்படி 1990/91 இல் கிராமப்புறத்தில் ஏறத்தாழ 29 வீதத்தினரும் தோட்டத்துறையில் ஏறத்தாழ 20 வீதத்தினரும் வறியோராவர். அஃதாவது, தோட்டத்து மக்கள் கிராமத்தவரிலும் மேலானவராகத் தோன்றினர். ஆணும் பெண்ணும் கூலி பெறும் குடும்பத்தின் செலவு ஏட்டில் உயர்ந்து தெரிதல் இயல்பே. லயன் அறையின் நெருக்கமும், மலசலகூடமின்மையும், இடைநின்ற கல்வியும் அவ்வேட்டில் இடம்பெறா. பின்னைய அளவீடுகள் இதனைத் தெளிவாக்கின. 2019 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, பணவளவில் தோட்டத்துறையினருள் 33.8 வீதத்தினரே வறியோர். கல்வி, சுகாதாரம், வாழ்க்கை வசதி ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணின்படியோ 51.3 வீதத்தினர் வறியோராயினர். அதே சுட்டெண் நாடு முழுவதற்கும் காட்டிய அளவு 16 வீதமாகும்.

எதனை அளப்பது என்னும் வினாவோடு, எவரை அளப்பது என்னும் வினாவும் பிரிக்கவொண்ணாதது. போர் காரணமாக 1990/91, 1995/96, 2002 ஆம் ஆண்டுகளின் குடித்தன அளவீடுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. ஆகவே, 2002 இல் இலங்கையின் வறுமை 22.7 வீதம் எனக் கூறப்பட்டபோது, போரில் வீட்டையும் தொழிலையும் இழந்த பல இலட்சம் மக்கள் அக்கணக்கின் புறத்தே நின்றனர். எல்லா மாவட்டங்களும் உள்ளடக்கப்பட்ட 2012/13 ஆம் ஆண்டின் அளவீட்டில் நாட்டின் வறுமை 6.7 வீதமாக இருக்க, முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 28.8 வீதமாகப் பதிவாயிற்று. நாட்டிலேயே மிகவுயர்ந்த வீதம் அதுவே.

நிவாரணமும் அபிவிருத்தி நிதியும் பங்கிடப்படுமிடத்து இவ்வெண்களே ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றன. கணக்கில் வராத குடும்பத்துக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது. இலங்கை தன் மக்களுக்கு அரிசியும் கல்வியும் மருத்துவமும் வழங்கி, வருமானத்துக்கு அப்பாலும் நல்வாழ்வு உண்டென உலகுக்கு எடுத்துக்காட்டியது மறுக்கவொண்ணாப் பெருமையே. அப்பெருமையில் லயன் அறைக்கும் முல்லைத்தீவின் குடிசைக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதைத் துறைவாரியாகவும் மாவட்டவாரியாகவும் கணித்து வெளியிடும் அளவீடே இந்நாட்டுக்கு இன்றியமையாதது.