ஆர்க்கிட் விதையும் பூஞ்சையும்

ஆர்க்கிட் குடும்பத்துச் செடிகளின் விதை இயற்கையில் தனித்து முளைப்பதில்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் சில நுண்பூஞ்சைகள் அதற்குள் புகுந்து உணவு சேர்த்தால்தான் அது நாற்றாகும். உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவை எல்லாவற்றின் குழந்தைப் பருவமும் பூஞ்சையின் தயவில்தான் கழிகிறது. இந்த உண்மை 1899 வரை யாருக்கும் தெரியாது.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள சோழமண்டலக் கரையில் இதற்கு எடுத்துக்காட்டு தேடுவோருக்குப் பொருத்தமானது வாண்டா டெசெல்லாட்டா. சமவெளியின் பழைய மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட் இது. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் நீலமோடிய உதடு. வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலின் முதல் தொகுதியில், 1795-இல், இதை எபிடெண்ட்ரம் டெசெல்லாட்டம் என்ற பெயரில் படத்துடன் விவரித்தார். மரத்தில் தொங்குவதைப் பார்த்ததும் புல்லுருவி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் புல்லுருவி மரத்தின் கிளைக்குள் வேரைச் செலுத்தி நீரை உறிஞ்சும். வாண்டா பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி. மரத்திடம் எதையும் திருடாத இந்தச் செடிதான், விதையாக இருந்தபோது பூஞ்சையைத் தின்று வளர்ந்தது.

விதையின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். நெல்லிலும் தேங்காயிலும் இளங்கருவுக்குக் கட்டுச்சோறு போலக் கருவூண் இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது இல்லை. சில நூறு செல்களுக்கு மேற்படாத கரு, அதைச் சுற்றிக் காற்று நிறைந்த மெல்லிய உறை, அவ்வளவே. ஒரு நெல்மணியின் எடைக்கு, இனத்தைப் பொறுத்து, ஆயிரம் முதல் பல பத்தாயிரம் ஆர்க்கிட் விதைகள் வேண்டியிருக்கும். காற்றில் தூசியாக மிதந்து வெகுதூரம் போகும் வசதிக்காகச் சாப்பாட்டு மூட்டையையே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும் பயணி அது. ஈரம் பட்டால் கரு உப்பும், சில நேரம் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேயும் வரும். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க அதனிடம் சர்க்கரை இல்லை.

இங்கேதான் பூஞ்சை வருகிறது. துலாஸ்நெல்லா, செரட்டோபசிடியம், செபாசினா போன்ற பேரினங்களைச் சேர்ந்தவை இந்த வேலையைச் செய்பவை. பழைய நூல்கள் பலவற்றில் இவை ரைசோக்டோனியா என்ற பொதுப்பெயரில் அடங்கிவிடும். பூஞ்சை இழை பெரும்பாலும் கருவின் காம்புப் பக்கத்து முனை வழியாகவோ, அங்கு முளைத்த மயிரிழைகள் வழியாகவோ நுழைகிறது. செல்லுக்குள் போனதும் நூற்கண்டு போலச் சுருண்டுகொள்கிறது. இந்தச் சுருளுக்கு பெலோட்டான் என்று பெயர். செல் சில நாள் அதை வைத்திருக்கும், பிறகு செரித்துவிடும். அதே செல்லில் புதிய இழை மறுபடி நுழையும், மறுபடி சுருளும், மறுபடி செரிக்கப்படும். வெளியே மட்கிய இலையிலும் மரத்தூளிலும் பூஞ்சை சேகரிக்கும் சர்க்கரையும் பிற சத்துகளும் இப்படிக் கருவுக்கு வந்து சேர்கின்றன. கரு பருத்து, இலையும் வேரும் இல்லாத ஒரு சிறு உருண்டையாகிறது. இதுதான் புரோட்டோகார்ம். மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், அது இப்படியே இருந்துவிட்டுப் பிறகுதான் முதல் இலையை நீட்டும்.

இதைக் கூட்டுவாழ்வு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்தச் சொல் நிலைமையைக் கொஞ்சம் இனிப்பாக்கிவிடுகிறது. முளைக்கும் பருவத்தில் கொடுப்பது பூஞ்சை மட்டுமே. பூஞ்சையின் கை ஓங்கினால் கரு அழுகிச் சாகும். கருவின் தடுப்பாற்றல் ஓங்கினால் பூஞ்சை அழிந்து முளைப்பு நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில்தான் நாற்று பிறக்கிறது. வளர்ந்து பச்சையம் பெற்ற பின் கடனைத் திருப்பும் ஆர்க்கிட்டும் உண்டு: குட்யேரா ரெப்பன்ஸ் என்ற இனத்தில் செடியிலிருந்து பூஞ்சைக்கும் கரிமம் போவதை 2006-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசிவரை திருப்பாதவையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் எபிபோஜியம் ரோசியம் இலையோ பச்சையமோ இல்லாமல், வாழ்நாள் முழுதும் பூஞ்சையை உண்டே பூத்துக் காய்க்கிறது.

சார்லஸ் டார்வின் 1862-இல் வெளியான தம் ஆர்க்கிட் நூலில் ஒரு கணக்குப் போட்டார். ஆர்க்கிஸ் மகுலாட்டா இனத்தின் ஒரே செடியில் 1,86,300 விதைகள். எல்லாம் முளைத்தால் சில தலைமுறைகளிலேயே உலகின் நிலப்பரப்பை மூடிவிட வேண்டும். எது இதைத் தடுக்கிறது என்பது தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கலப்பின ஆர்க்கிட்டுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1856-இல் ஜான் டொமினியின் முதல் கலப்பினம் பூத்தது. புதுத் தொட்டியில் தூவிய விதை முளைக்காது, தாய்ச்செடியின் காலடியில் தூவினால் சில முளைக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பது தெரியாது.

புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சாமுவேல் பெரோத்தே என்ற தாவரவியலாளர் 1830-களில் நீலகிரியில் சேகரித்த ஆர்க்கிட்டுகளை வைத்து, பாரிசில் அகில் ரிஷார் 1841-இல் ஒரு தனி ஆய்வுநூல் வெளியிட்டார். பெரோத்தே பின்னர் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை வகித்தார். 1826-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய அந்தப் பூங்கா இன்றும் நகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. 1870-இல் அவர் இறந்ததும் புதுச்சேரியில்தான். இளவயதில், கேப்டன் பிலிபெர்ட்டின் கப்பலில், ரெயூனியன் தீவுக்கு வனிலா கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். வனிலாவும் ஆர்க்கிட்தான். கப்பலில் போனது விதையல்ல, உயிருள்ள கொடி. கொடியை வெட்டி நட்டால் பூஞ்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1841-இல் அந்தத் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டபின் வனிலா பெருந்தொழிலானது. உண்மையான வனிலா போட்ட ஐஸ்கிரீமில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் ஆர்க்கிட் விதைகள் என்பது, அதைச் சுவைப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆர்க்கிட் விதை ஏன் தனித்து முளைப்பதில்லை என்ற புதிரை அவிழ்த்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயெல் பெர்னார். 1899-இல், 25 வயதில், பாரிசுக்கு அருகே மெலனில் ராணுவச் சேவையில் இருந்தபோது, காட்டில் இலைச்சருகுக்கடியில் புதைந்து கிடந்த நியோட்டியா என்ற ஆர்க்கிட் செடியின் காய்த்தண்டு ஒன்றைக் கண்டார். காய்க்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. முளைத்தவை ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழை இருந்தது. ஒரே காட்சி போதாது என்று, அடுத்த சில ஆண்டுகளில் பூஞ்சையைத் தனியே பிரித்தெடுத்துத் தூய்மையான விதைகளோடு சேர்த்து முளைக்கவைத்தும் காட்டினார். இந்த உறவு நோயின் விளிம்பில் நிற்பது என்று அப்போதே அவர் கண்டுகொண்டது வியப்பூட்டும் கூர்மை. காசநோயால் 1911-இல் இறந்தார்.

ஜெர்மனியில் ஹான்ஸ் புர்கெஃப் இதே வழியில் ஆராய்ந்து 1909-இல் நூல் எழுதினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் 1922-இல் வேறு பாதை காட்டினார்: பூஞ்சை கொடுக்கும் சர்க்கரையை நாமே கொடுத்தால் என்ன? கிருமி நீக்கிய குடுவையில் உப்புகள், சர்க்கரை, அகர் கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே விதை முளைத்தது. இன்று பூக்கடையில் விற்கும் டெண்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ் பூக்களின் வணிகம் இந்தக் குடுவையிலிருந்து எழுந்தது. பல ஆய்வகங்கள் ஊடகத்தில் இளநீரையும் வாழைப்பழக் கூழையும் கலக்கின்றன. தேங்காய் தன் கருவுக்கென்று சேர்த்து வைத்த உணவு, உணவே இல்லாமல் பிறந்த இன்னொரு கருவுக்குப் போகிறது.

குடுவை விற்பனைக்கு உதவியது. காட்டுக்கு அவ்வளவு உதவவில்லை. குடுவையில் வளர்ந்த செடியை மரத்தில் கட்டலாம், அது பிழைத்துப் பூக்கவும் செய்யலாம். ஆனால் அதன் காய் வெடித்துச் சிதறும் விதைக்கு அந்தப் பட்டையில் உரிய பூஞ்சை இல்லையென்றால் அடுத்த தலைமுறை கிடையாது. 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இப்பகுதியின் முதிய மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. பழைய மரம் விழும்போது அதில் தொற்றியிருக்கும் செடி மட்டுமல்ல, வெடிப்பும் பாசியும் பூஞ்சையுமாகப் பல்லாண்டுகளில் பழுத்த பட்டையும் போகிறது. புதிதாக நட்ட கன்றின் வழவழப்பான பட்டை அதற்கு ஈடாவதில்லை.

ஓரிடத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று அறிய, ஹன்னே ராஸ்முசென், டென்னிஸ் விக்ஹம் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட எளிய முறை இன்றும் பயன்படுகிறது. மெல்லிய நைலான் வலைத்துணியில் விதைகளை மடித்துச் சட்டமிட்டு மண்ணில் புதைப்பார்கள். மரத்தில் வளரும் இனமானால் பட்டையில் கட்டுவார்கள். வலைக்கண் வழியே பூஞ்சை இழை உள்ளே போகும், விதை வெளியே சிந்தாது. சில மாதம் கழித்துப் பிரித்து நுண்ணோக்கியில் வைக்கும்போது வெண்மையான சிறு உருண்டைகள் தென்பட்டால், அந்த இடம் உகந்தது.