காக்காய் வலிப்பும் காக்காய்க்கொல்லியும்

ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். சுற்றி நிற்பவர்கள் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். "காக்காய் வலிப்புப்பா"ன்னு யாரோ சொல்றாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. கால் கை வலிப்புதான் பேச்சில் மருவிக் காக்காய் வலிப்பு ஆச்சு என்பார்கள். காக்காய்க்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் காக்காய்க்கொல்லி என்ற விதைக்கு இருக்கு. இன்றைய கதை அதுதான்.

காக்காய்க்கொல்லி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு கொடியின் விதை. இடித்துத் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கி மிதக்கும். கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன இந்த விதையை, 19ஆம் நூற்றாண்டில் பீரில் போதை கூட்டத் திருட்டுத்தனமாகக் கலந்தார்கள். 1812இல் பிரான்சில் பூலே என்ற மருந்தாளர் இதன் நஞ்சைப் பிரித்தெடுத்தார். பெயர் பிக்ரோடாக்சின். உடம்புக்குள் போனால் வலிப்பு வரும் என்பது தெரிந்தது. ஏன் வருது என்பது தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1950இல் அமெரிக்காவில் யூஜீன் ராபர்ட்ஸ், சுண்டெலி மூளையில் காபா என்ற பொருளைக் கண்டார். நம் மூளையின் பிரேக் இதுதான் என்று பிறகு புரிந்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், நரம்பு செல்லின் சுவரில் ஒரு மதகு இருக்கு. காபா வந்து தொட்டால் மதகு திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், செல் அடங்கும். பிக்ரோடாக்சின் அந்த மதகை அடைத்துவிடுகிறது. அடங்க வேண்டிய செல்கள் அடங்காது.

இதைக் கண்ணால் பார்க்க வழி செய்தது மூளைச் சீவல். 1966இல் லண்டனில் மெக்கில்வெயினும் யமமோட்டோவும், கினிப்பன்றி மூளையை மெல்லிசாகச் சீவி, உயிரோடு வைத்து, அதன் மின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பிறகு எலிக்கும் அதே முறை வந்தது. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத சீவல். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், ஓயாமல் குமிழிவிடும் ஆக்சிஜன். இது போதும், பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்த நீரில் பிக்ரோடாக்சின் சேர்த்தால், தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிக்கும். துடிக்கக் கை கால் இல்லை. ஆனாலும் வலிப்பின் மின் துடிப்பு இருக்கு. பேயும் இல்லை, சாபமும் இல்லை பாருங்க.

சரி, இதற்கும் நம்ம வயலுக்கும் என்ன? 1960-61இல் தீவிர வேளாண் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம் வந்தது, ஆடுதுறை 27 வந்தது, பூச்சிக்கு எண்ட்ரின் வந்தது. ஜனங்கள் அதை விஷம் என்று சொல்லவில்லை, "மருந்து" என்றுதான் சொன்னார்கள். வெறுங்கையால் கலந்து, வெறும் உடம்போடு அடித்தார்கள். எண்ட்ரின் உடம்பில் ஏறினால் பெரிய முன்னறிகுறிகூட இல்லாமல் வலிப்பு வரும்.

காரணம் 1984இல் கிடைத்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் லாரன்ஸும் கசிடாவும் எலி மூளைச் சவ்வுகளில் சோதித்தார்கள். எண்ட்ரின் குடும்பமும் லிண்டேனும் பிக்ரோடாக்சின் ஒட்டும் அதே இடத்தில் போய்த்தான் வேலை செய்கின்றன. காட்டு விதையும் தொழிற்சாலை பாட்டிலும் அடைப்பது ஒரே மதகை! பூச்சிக்கும் அந்த மதகு உண்டு, அதனால்தான் பூச்சி சாகிறது. இந்தியாவில் எண்ட்ரின் தடை 1990இல். பிஹெச்சி 1997இல். அதே குடும்பத்து எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. எண்ட்ரின் வயலுக்கு வந்ததற்கும் தடைக்கும் நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம், ஒரு தலைமுறை.

கதை முடிந்துவிடவில்லை. இன்று நெல்லுக்குப் போடும் ஃபிப்ரோனிலும் இதே மதகைத்தான் குறிவைக்கிறது. பூச்சியின் மதகில் அதிகமாக ஒட்டும், நம்முடையதில் குறைவாக. அவ்வளவுதான் வித்தியாசம். வேறு சில பூச்சிக்கொல்லிகள் வேறு வழியில் வலிப்பைக் கொண்டுவரும், அதற்குச் சிகிச்சையும் வேறு. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின் வேண்டும், எண்ட்ரின் வகைக்குத் தனி முறிவு மருந்தே கிடையாது, வலிப்பை அடக்கித்தான் காப்பாற்ற வேண்டும்.

அதனால் மருந்து அடிக்கும்போது யாராவது வலிப்பு வந்து விழுந்தால், சாவிக்கொத்தைத் தேடாதீங்க. ஒருக்களித்துப் படுக்க வைங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்க. எந்த மதகு அடைத்திருக்கிறது என்று டாக்டருக்கு அந்த லேபிள்தான் சொல்லும்.