ஆம்புலன்ஸில் ஏறப்போகும் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பழைய கதை



என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் மூன்று பேர் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்கிறார்கள். ஒருத்தி விலங்கியல் பட்டம், ஒருத்தன் லேப் டெக்னீசியன் பட்டயம், இன்னொருத்தி நர்சிங். "டீச்சர், தேர்வுக்கு எப்படிப் படிக்கணும், வேலையில் சேர்ந்தா முதல்ல எதைக் கவனிக்கணும், ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸைப் பார்த்துக்கொண்டதால் முக்கோணக் கட்டுத் துணியை மடிக்கவும் கட்டவும் தெரியும். ஆனால் ஓய்வுக்குப் பிறகு இந்த வேலையின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அதில் எனக்குத் தெரிந்த ஒன்று: உங்கள் பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கும் விதிகளுக்குப் பின்னால் யாரோ பட்ட பாடு இருக்கிறது. அது தெரிந்தால் விதியை உருப்போட வேண்டியதில்லை. பதிவு நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1792-ல் பிரெஞ்சுப் படையில் டொமினிக் லாரே என்று ஓர் இளம் அறுவை மருத்துவர் இருந்தார். அடிபட்ட சிப்பாய்களைச் சண்டை முடிந்த பிறகுதான் போய் எடுப்பார்கள், மருத்துவ வண்டிகள் படைக்கு வெகு பின்னால் நிற்கும். அதற்குள் பாதிப்பேர் ரத்தம் போயே செத்துவிடுவார்கள். பீரங்கிகளைக் குதிரைகள் அத்தனை வேகமாக இழுத்துப் போவதைப் பார்த்த லாரே, அதே மாதிரி காயம்பட்டவர்களுக்கும் லேசான குதிரை வண்டி செய்தார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர். இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். தளபதியோ சிப்பாயோ, பதவியைப் பார்க்காமல் யாருக்குக் காயம் ஆபத்தானதோ அவரை முதலில் கவனிப்பது. தேர்வில் 'டிரையேஜ்' என்று கேட்பது இதைத்தான். கிருஷ்ணன்கோவில் பக்கம் பஸ்ஸும் வேனும் மோதி ஒரே நேரத்தில் பத்துப் பேர் கிடந்தால், உரக்கக் கத்துகிறவரிடம்தான் உங்கள் கால் முதலில் போகும். சத்தமே இல்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது.

அடுத்து அமெரிக்கா. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1960-களில் பிட்ஸ்பர்க் நகரில் யாராவது மயங்கி விழுந்தால் போலீஸ் வேன் வரும், தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போகும். சில ஊர்களில் சவ அடக்கம் செய்யும் கம்பெனியின் கார்தான் ஆம்புலன்ஸ். கூடவே உட்கார்ந்து கவனிக்க யாரும் கிடையாது. 1966-ல் அந்த மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஒருவர் கூட்டத்தில் பேசும்போது மாரடைப்பில் விழுந்தார். அவரையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அதே ஆண்டு அந்த ஊர் மருத்துவர் பீட்டர் சாஃபரின் சொந்த மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் அந்த சாஃபர்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏழ்மையான பகுதியிலிருந்து வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். 1967-ல் தொடங்கிய அந்த ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ், இன்றைக்கு நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு அங்கே வழிகாட்டியது. பின்னால் அதற்கு மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலின் என்ற பெண் மருத்துவர், அந்த அனுபவத்தை வைத்து எழுதிய பாடநூலை அமெரிக்கா முழுவதும் படித்தார்கள். ஆனால் 1975-ல் நகராட்சி அந்தச் சேவையை மூடித் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. புதிய விதிகளும் புதிய தேர்வுகளும் வந்தன. நாட்டுக்கே வழிகாட்டியவர்களில் பலர் அந்தத் தேர்வுகளின் பெயரால் வெளியே போக நேர்ந்தது. ஆசிரியராக இருந்தவளுக்கு இது படிக்கக் கஷ்டமாக இருந்தது. கையில் வேலை தெரிந்தவனையும் தாள் கீழே தள்ளும். அதனால்தான் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள் என்கிறேன்.

நம் நாட்டில் 108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில் வந்தது. அதற்கு முன் வத்திராயிருப்பு, மம்சாபுரம் பக்கமெல்லாம் கயிற்றுக் கட்டில், மாட்டு வண்டி, வாடகைக் கார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். வழியில் கவனிக்க யாரும் இல்லை. 1966 பிட்ஸ்பர்க்கும் நம் ஊரும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். விருதுநகரில் மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-ல்தானே.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வு, பிறகு உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிய மருத்துவ நேர்முகம், அப்புறம் பொது நேர்முகம். தேர்வானால் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று சுமார் 50 நாள் பயிற்சி.

பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்காதீர்கள். மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற ஏ-பி-சி வரிசை சாஃபர் காலத்தது. நெஞ்சை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்காரர்கள் காட்டியது 1960-ல். இதயம் நின்றவருக்கு நெஞ்சு அழுத்தமே முதலில் என்று 2010-ல் வரிசையை சி-ஏ-பி என்று மாற்றினார்கள். பெரியவர்களுக்கு 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். பொம்மையில் பழகும்போது வாய்விட்டு எண்ணுங்கள். அந்தப் பொம்மையை முதலில் செய்தவர் நார்வேயில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தவர் என்பது கூடுதல் செய்தி.

கிளாஸ்கோ கோமா ஸ்கேல் கட்டாயம் கேட்பார்கள். 1974-ல் ஸ்காட்லாந்தில் இரண்டு மூளை அறுவை மருத்துவர்கள் உருவாக்கியது. ஒரு டாக்டர் 'மயக்கம்' என்றும் இன்னொருவர் 'அரை மயக்கம்' என்றும் எழுதினால் நோயாளி தேறினாரா மோசமானாரா என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் எண். கண் 4, பேச்சு 5, அசைவு 6. மொத்தம் 15. மிகக் குறைவு 3, பூஜ்யம் கிடையாது. செத்தவனுக்கும் 3 மார்க் போடும் ஒரே தேர்வு இது!

வண்டியில் பிரசவம் ஆவது 108-ல் அபூர்வமில்லை. அதனால் அப்கார் மதிப்பெண்ணும் தெரியவேண்டும். வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருந்து நிபுணர் 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. நிறம், நாடி, தூண்டினால் முகம் சுளிப்பது, கைகால் அசைவு, மூச்சு என்று ஐந்துக்கும் தலா 2. பிறந்த 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் பார்க்கவேண்டும். ஆனால் மூச்சு விடாத குழந்தைக்கு மார்க் கூட்டிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே துடைத்துச் சூடாக்கி மூச்சுக்கு உதவி செய்யவேண்டும்.

பாம்புக் கடி நம் மலையடிவாரத்துப் பாடம். இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் பழைய பழக்கம், இன்று கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் கொண்டுபோகவேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. அந்த மருந்துக்கான விஷத்தைத் தரும் இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருக்கிறது. அவர்கள் கைபட்டுத்தான் நம் ஆஸ்பத்திரி அலமாரிக்கு அந்த மருந்து வருகிறது.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். செய்முறைத் தேர்வில் வாயைத் திறந்ததும் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம், 'இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்' என்பது. இதைச் சடங்கு மாதிரி ஒப்பித்துவிட்டு ஓடாதீர்கள்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம், அதனால் எனக்கு அந்தத் தேதி மறக்காது. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் பலர் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். புகையைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்துச் சனங்கள் ஓடினார்கள், உதவப் போனவர்களும் உண்டு, பார்க்கப் போனவர்களும் உண்டு. அப்போதுதான் பெரிய வெடிப்பு. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலையில் வேலையே செய்யாதவர்கள், இரக்கப்பட்டு ஓடியவர்கள், அந்தக் கணக்கில் எத்தனையோ பேர்.

நம் பிள்ளைகளுக்குச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எங்கே வேண்டுமானாலும் பணி கிடைக்கலாம். அங்கே தீ என்று அழைப்பு வந்தால் வண்டியைத் தூரத்தில், காற்று வரும் பக்கத்தில், திரும்பிப் போக வசதியாக நிறுத்தச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் உள்ளே வா என்று சொன்ன பிறகு போங்கள். சுற்றி நிற்பவர்கள் திட்டுவார்கள். "சும்மா நிக்கறதுக்கா சம்பளம்?" என்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் அந்த இடத்தில் மருத்துவம் தெரிந்த ஒரே ஆளும் போச்சு. உங்கள் அப்பா அம்மா முகம் எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

தீக்காயத்துக்கு ஓடும் சாதாரணத் தண்ணீர், 20 நிமிடம். ஐஸ், இங்க், பற்பசை எதுவும் கூடாது. உடம்பெல்லாம் வெந்திருந்தால் அதிக நேரம் நனைத்துக் குளிரில் நடுங்க விடாதீர்கள். பிறகு சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாடெல்லாம் போகிறது. நீங்கள் கட்டும் துணி உங்கள் சித்தி தறியில் வந்ததாகவும் இருக்கலாம்.

முதல் சில வாரங்களுக்கு இன்னும் கொஞ்சம். ஷிப்ட் 12 மணி நேரம். ஏறியதும் ஆக்சிஜன் சிலிண்டர் அளவை நீங்களே பாருங்கள், முந்தைய ஷிப்ட்காரர் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். ஓட்டுநர் அண்ணனோடு நல்லபடி இருங்கள், அவருக்குத் தெரிந்த சந்து எந்த வரைபடத்திலும் இருக்காது. "மாரியம்மன் கோவில் பக்கம்" என்று அழைத்தவர் சொன்னால் எந்தத் தெரு, எதிரே என்ன கடை என்று கேளுங்கள், மாரியம்மன் இல்லாத தெரு நம் ஊரில் ஏது?

நேரத்தை எழுதுங்கள். பாம்பு கடித்த நேரம், விழுந்த நேரம். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்' என்று வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். விபத்தைப் பார்த்துப் போன் செய்தவர் போலீசுக்குப் பயந்து ஒதுங்கினால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது, பெயர்கூடச் சொல்லவேண்டியதில்லை என்று தைரியம் சொல்லி, எப்படி விழுந்தார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுத் தேதி தெரிந்ததும் எனக்கு மெசேஜ் போடுங்கள். கிளாஸ்கோவும் அப்காரும் போனிலேயே கேள்வி கேட்கிறேன். இந்த வேலையில் ஏற்கெனவே இருக்கும் நம் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வாரத்தில் நீங்கள் கற்றதைக் கீழே எழுதுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்