அந்நியரோடு உடன்படிக்கை: விவிலியத்திலும் மலையகத்திலும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக வலப்பனைக்குப் போகும் பாதையில் ராகலை இருக்கிறது. தோட்டத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும், கடை வைத்திருக்கும் முஸ்லிம்களும், சுற்றுக் கிராமத்துச் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் அது. நம்மவரல்லாதவரோடு உடன்பாடு செய்துகொள்ளலாமா என்பது இத்தகைய ஊர்களில் வேதப் பாடத்தோடு முடிந்துபோகும் கேள்வியன்று. அன்றாட வாழ்க்கையின் கேள்வி.

விவிலியத்தைப் புரட்டுபவருக்கு இக்கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதில்லை. கானான் நாட்டவரோடு உடன்படிக்கை கூடாது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தலும் கூடாது என்கிறது உபாகமம். ஆனால் ஆபிரகாம் மம்ரே முதலிய எமோரியரோடு உடன்படிக்கை செய்திருந்தார். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரைக்கும் சபையில் சேரலாகாது என்பது சட்டம். தாவீது அரசரின் பூட்டியோ ரூத் என்ற மோவாபியப் பெண். சாலொமோன் தீரு நாட்டு மன்னன் ஈராமோடு செய்த ஒப்பந்தம் புகழ்ந்து பேசப்படுகிறது. ஆசா மன்னன் சீரிய அரசனைத் துணைக்கு அழைத்ததோ கண்டிக்கப்படுகிறது.

இந்நூல்கள் பல நூற்றாண்டுகளில், பல கைகளால் உருவானவை என்பது ஆய்வாளர் கூற்று. அது உண்மையே. எனினும் அந்தக் காரணத்தோடு நின்றுவிட்டால் முரண்பாட்டுக்குள் இருக்கும் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாது. அந்நியன் யார் என்பதை விட்டுவிட்டு, உடன்பாட்டில் வலியவர் யார், எளியவர் யார் என்று பார்த்தால் சில கதைகள் வேறு விதமாகப் பேசத் தொடங்குகின்றன.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதாவை ஆண்ட ஆகாஸ், சீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து தாக்க வந்தபோது, அசீரியப் பேரரசனுக்கு ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அனுப்பித் துணை கேட்டான். அஞ்சாதே என்று தீர்க்கதரிசி ஏசாயா சொன்னதை அவன் செவிமடுக்கவில்லை. பகைவர் வீழ்ந்தனர், யூதா அசீரியாவுக்குத் திறை கட்டும் நாடாயிற்று.

நம் கண்டி இராச்சியத்திலும் இதே கதை நடந்தது. போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்ற நிபந்தனை அவர்களுடைய பிரதியில் விடுபட்டிருந்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது மன்னனுக்கு வாசல் திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்ற சிங்களப் பழமொழி இதைக் குறித்தே சொல்லப்படுகிறது.

அதே இராச்சியம் வேறு அந்நியருக்கும் இடங்கொடுத்தது. 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியமர்த்தினான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்து, அங்கிருந்தே தம் பணியைச் செய்தார். அடைக்கலம் தேடி வந்த இவர்களால் இராச்சியம் அழியவில்லை. படையோடு வந்த நண்பனிடந்தான் அது கரையோரத்தை இழந்தது.

எளியவரோடு செய்த உடன்பாட்டின் பொறுப்பை விவிலியம் கிபியோனியர் கதையில் சொல்கிறது. தொலைதூர நாட்டார் போல் வேடமிட்டு, பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த பழஞ்செருப்பையும் காட்டி அவர்கள் யோசுவாவை ஏமாற்றினார்கள். மூன்றாம் நாள் உண்மை வெளிப்பட்டது. ஆனாலும் கொடுத்த ஆணையை மீறக் கூடாதென்று மூப்பர் அவர்களை உயிரோடு விட்டனர். விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தனர். பல தலைமுறைக்குப் பின் சவுல் மன்னன் அவர்களை அழிக்க முற்பட்டான். தாவீதின் காலத்தில் வந்த மூன்றாண்டுப் பஞ்சத்துக்கு அதுவே காரணமென்கிறது விவிலியம். அப்போது தாவீது அந்த விறகுவெட்டிகளையே அழைத்து, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர்கள் கேட்ட ஈட்டினால் சவுலின் வழிவந்த எழுவர் உயிரிழந்தனர். அக்கொடுமையை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவரையே அழைத்துக் கேட்டார் என்பது மறக்கத்தக்கதன்று.

இந்த இடத்தில் மலையகத்தவர் நினைவு வராமல் போகாது. ஆங்கிலேயர் காலத்தில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். ஏமாற்றி வந்தவர்களல்லர், பல வேளைகளில் ஏமாற்றப்பட்டு வந்தவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென முடிவாயிற்று. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இரண்டு அரசுகள் நட்புப் பாராட்டிய இந்த உடன்பாடுகளில் அந்த மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலுக்கு மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டது. கப்பலேறாமல் நாடற்றவராய் எஞ்சியோரின் பிரச்சினை தீர 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே விவிலியத்தின் முரண்பாட்டை அந்நியர் என்ற ஒரு சொல்லால் அவிழ்க்க முடியாது. வலியவனை நம்பி நாட்டை அடகு வைப்பதும், எளியவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் ஒன்றல்ல. முன்னதைத் தீர்க்கதரிசிகள் கண்டித்தனர். பின்னதை மீறியவனின் நாட்டில் பஞ்சம் வந்ததென்று எழுதிவைத்தனர்.

தாவீதை நாம் தாவூத் நபி என்று அறிவோம். விறகுவெட்டிகளை அழைத்து அவர் கேட்டதாக விவிலியம் சொல்லும் அந்தக் கேள்வியை, 1948இலோ 1964இலோ ராகலையின் லயங்களுக்கு வந்து கேட்க ஓர் ஆட்சியாளரும் இருக்கவில்லை.