குதிரைத்திறனும் நீடுழைப்பும்: மாற்றியமைத்த கார் எஞ்சின்கள்

விற்பனைக்கு வந்த காரின் எஞ்சினைத் தொழிற்சாலை நிர்ணயித்த திறனுக்கு மேல் உழைக்கும்படி மாற்றியமைக்கும் வேலை டியூனிங் எனப்படும். திறனைக் கூட்ட வழிகள் பல உண்டு. பெரும்பாலானவை பணம் இருந்தால் ஒரே வாரத்தில் முடிபவை. கூட்டிய திறனை அந்த எஞ்சின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில்தான் டியூனரின் கைத்திறன் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை சோழவரத்தில் வேர்விட்டது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டு உதிரிபாகம் கிடைப்பது அரிதாயிருந்த காலம். ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களையே லேத் பட்டறையில் வைத்துத் தயார்செய்தார்கள். ஃபியட்டின் 1,089 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங். சுற்று ஏற ஏறக் கிராங்க் ஷாப்ட் வளைந்து அதிரும். அதனால் ஹெட்டைத் தேய்த்து அழுத்த விகிதத்தை ஏற்றுவதும், கார்புரேட்டரை மாற்றி மூச்சை அகலமாக்குவதும் ஓரளவுக்குத்தான் பயன்தந்தன. எஞ்சினின் எல்லையை அந்த மூன்று பேரிங்குகள் வகுத்தன.

கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன் 1988-இல் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி வேறு வழியில் போனது. மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அது. சாலைக் காரில் நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன் தந்த எஞ்சின்தான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் செலவு கட்டுக்குள் இருந்தது. ஓட்டுநரின் திறமை வெளியே தெரிந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியவற்றுள் இதுவும் ஒன்று. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் வந்த எல்ஜிபி ஃபார்முலா கார்களும் மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சின்களையே நம்பின. அளவான திறன், நிறைய ஓட்டம் என்னும் இந்தக் கோவைக் கணக்குக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

திறனின் இரு வழிகள்

முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் வருவது குதிரைத்திறன். ஆகவே அதைக் கூட்ட, எஞ்சினை வேகமாகச் சுழலவிடலாம். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றையும் எரிபொருளையும் திணிக்கலாம். இரண்டும் எஞ்சினை வெவ்வேறு இடத்தில் உடைக்கும்.

சுற்றைக் கூட்டினால் பிஸ்டனின் நிலைமவிசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மாருதி எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 75.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடியதை 8,000-க்கு உயர்த்தினால் வேகம் கூடுவது 23 சதவீதம்தான். கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ ஒன்றரை மடங்காகிறது. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டரைத் தொடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை எதிர்த்துத் தள்ள எரிந்த வாயுவின் அழுத்தம் இருக்காது. முழு இழுவையும் ராடு போல்ட்டில் விழும். அங்கே போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வால்வு ஸ்பிரிங் வலுவில்லையென்றால் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதந்து பிஸ்டனில் இடிக்கும்.

டர்போ வைத்துத் திணிக்கும் வழியில் சுற்று வேகம் பெரிதாக ஏறாது. அழுத்தமும் வெப்பமும் ஏறும். இங்கே முதல் எதிரி நாக்கிங். தீப்பொறியின் சுடர் போய்ச் சேருமுன் மீதிக் கலவை தானாக வெடித்து, பிஸ்டன் விளிம்பையும் ரிங் இடுக்கையும் தின்றுவிடும். தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுவது, கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது, இன்டர்கூலரால் காற்றைக் குளிரவைப்பது ஆகியவை தடுக்கும் வழிகள். வெப்பத்தில் ரிங்கின் இரு முனைகளும் விரிந்து முட்டிக்கொள்ளாதபடி அவற்றின் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். அடித்து உருவாக்கிய போர்ஜ்டு பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட வலுவானது. ஆனால் சில உலோகக் கலவைகளில் அது அதிகம் விரியும் என்பதால் சிலிண்டரில் கூடுதல் இடம் விட்டுப் பொருத்துவார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் கடகடக்கும். தினசரி ஓட்டத்துக்கு அந்த எஞ்சினை வைத்துக்கொள்பவர் இதைச் சகித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வழியின் உச்சத்தை உலகம் 1980-களில் பார்த்தது. பிஎம்டபிள்யூ 1960-களின் தொடக்கத்திலிருந்து சாலைக் கார்களில் பொருத்திவந்த வார்ப்பிரும்பு பிளாக்கை வைத்தே பால் ரோஷே 1.5 லிட்டர் டர்போ ஃபார்முலா ஒன் எஞ்சினை அமைத்தார். நெல்சன் பிக்கே 1983-இல் அதைக்கொண்டு உலகப் பட்டம் வென்றார். பின்னர் தகுதிச் சுற்றுக்கென்று ஏற்றிய எஞ்சின்கள் 1,300 குதிரைத்திறனைத் தாண்டியதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றின் ஆயுள் ஓடுதளத்தின் சில சுற்றுகளே. டொயோட்டா சூப்ராவின் 3 லிட்டர் 2ஜேஇசட் எஞ்சினும் இரும்பு பிளாக்கின் தயவால்தான் டியூனர்களிடம் பேர்வாங்கியது.

இதற்கு நேரெதிர் உதாரணம் கோவையிலேயே உண்டு. டாடா மோட்டார்ஸும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட டியாகோ ஜேடிபி, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினிலிருந்து 114 குதிரைத்திறன் தந்தது. சாதாரண டியாகோ பெட்ரோல் எஞ்சினின் திறன் 85. வாரண்டியோடு விற்க வேண்டிய காரில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றமே நிதானமான அளவு.

சேலம் சமவெளியின் வெயில்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையிலுள்ள தம்மம்பட்டி போன்ற ஊர்களில் வெப்பம் பெரிய கணக்கு. 40 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. அதாவது டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அந்த அளவு குறையும், நாக்கிங் மட்டும் நெருங்கி வரும். குளிர்நாட்டில் அமைத்த ரீமேப்பை (எஞ்சின் கணினியின் மாற்றிய நிரலை) அப்படியே ஏற்றுவது இதனால் ஆபத்து. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெல்ல நகரும், சுமையோ அதிகம். ரேடியேட்டர் வழியே போதிய காற்று பாயாது. எஞ்சின் ஆயிலின் சூடு தண்ணீரின் சூட்டைவிட மெதுவாக ஏறும், இறங்கவும் நேரமாகும். டியூன் செய்த காரில் ஆயில் கூலரும் ஆயில் வெப்பமானியும் அலங்காரப் பொருள்கள் அல்ல.

இப்போது பம்புகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் கூடுதல். டர்போ எஞ்சினுக்கு அது நல்ல செய்தி. பழைய கார்புரேட்டர் எஞ்சினுக்கு அப்படியல்ல: எத்தனால் எரியத் தேவையான காற்று குறைவு என்பதால், அதே ஜெட்டில் (பெட்ரோல் பாயும் துளையில்) கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும்.

முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடும் எஞ்சினை இந்த வட்டாரம் நன்றாகவே அறியும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் டீசல் எஞ்சின்கள் இந்தியாவெங்கும் இரவு பகலாக அப்படித்தான் ஓடுகின்றன. குறைந்த சுற்று, கனமான பாகங்கள், தவறாத ஆயில் மாற்றம் என்பதே அவற்றின் சூத்திரம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பந்தயத்துக்கென்று தயார்செய்த எஞ்சின்களை முழு வேகத்தில் ஓட்டிப்பார்க்கத் தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும், கரிவர்தன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன.