ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு!

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ். பாலவனத்தத்தில் ஏறிய ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் முதன்முதலாக சிங்கப்பூர் போகிறானாம். கம்பெனி வேலைதான். ஆனால், முதல் சம்பளம் வரும்வரை கைக்காசு. ''அண்ணாச்சி, அங்க ஒருநாள் சாப்பாட்டுக்கு நம்ம காசு எவ்வளவு ஆகும்?'' என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பி, சீமைக்கருவேல மரங்களைப் பார்த்தபடி விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

130 வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கை இன்னொருவர் போட்டிருக்கிறார். அவர் விவேகானந்தர். போன ஊர் சிகாகோ!

பாலவனத்தத்துக்கும் அந்தப் பயணத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைத் தெரிந்திருக்கும் (மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கம் வைத்தவர், பிறகு வ.உ.சி-யின் கப்பல் கம்பெனிக்குத் தலைவர்). அவருக்குத் தம்பி முறை, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. சர்வமத மாநாட்டுக்குப் போங்கள் என்று சுவாமியை விடாமல் தூண்டியவர்களில் முக்கியமானவர். சேதுபதிக்கு வந்த அழைப்பைத்தான் அவர் சுவாமிக்குக் கொடுத்தனுப்பினார் என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படி ஒரு தாள் கையில் இருந்திருந்தால், சிகாகோவில் அந்த மனிதர் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்குமே!

பணம் திரட்டியது யார்? ராஜாக்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளிக்கூட வாத்தியார், கூட நாலு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறினார். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், வக்கீல்கள் கொடுத்த காசு அது. கேத்ரி மன்னர் கடைசி நேரத்தில் கப்பல் டிக்கெட்டை முதல் வகுப்பாக மாற்றிக் கொடுத்தார். 1893 மே 31-ல் பம்பாயிலிருந்து 'பெனின்சுலர்' கப்பல் கிளம்பியது.

இனி என் சப்ஜெக்ட். (பி.காம். படித்த புத்தி, எதைப் பார்த்தாலும் முதலில் வரவு-செலவைத்தான் தேடும்.) சென்னை நண்பர்கள் கொடுத்தனுப்பியது நோட்டாக 170 பவுண்டு, சில்லறையாக 9 பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு சுமார் 16 ரூபாய். ஆக, ஏறக்குறைய 2,860 ரூபாய். கொடுமை என்னவென்றால், 1870-களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு பத்து ரூபாய்தான். உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியச் சரிய, நம் வெள்ளி ரூபாயும் கூடவே சரிந்தது. பழைய கணக்கில் அதே ரூபாய்க்கு 280 பவுண்டுக்கு மேல் கிடைத்திருக்கும். சுவாமி கடலில் போய்க்கொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில்தான், இனி யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தரமாட்டோம் என்று இந்திய அரசு நாணயச்சாலைக் கதவைச் சாத்தியது. திருவல்லிக்கேணிக்காரர் உண்டியலில் போட்ட ரூபாய், கப்பல் ஏறும் முன்பே இளைத்துவிட்டது!

சிகாகோ அப்போது எப்படி இருந்தது? 1871-ல் எரிந்து சாம்பலாகி, இருபதே வருஷத்தில் பத்து லட்சம் பேர் வாழும் நகரமாக எழுந்து நின்ற ஊர். அந்த வருஷம் உலகக் கண்காட்சி வேறு. நுழைவுக் கட்டணம் 50 சென்ட். 264 அடி உயர ஃபெர்ரிஸ் ராட்டினத்தில் இரண்டு சுற்றுச் சுற்ற இன்னொரு 50 சென்ட். நம் காசில் ஒவ்வொன்றும் ஒன்றரை ரூபாய்க்கு மேல்.

ஜூலை கடைசியில் போய் இறங்கியவருக்கு இரண்டு இடி. ஒன்று, மாநாடு செப்டம்பர் 11-ல்தான். இரண்டு, அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்கமாட்டார்கள். பெயர் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டது. தேதியையோ விதியையோ சென்னையில் யாரும் விசாரிக்கவில்லை. கம்பளித் துணி கொடுத்தனுப்பவும் யாருக்கும் தோன்றவில்லை. பசிபிக் கடலிலேயே மனிதர் குளிரில் நடுங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 20-ம் தேதி அளசிங்கருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறதே, அதில் தத்துவத்தோடு ஒரு குடும்பஸ்தனின் பதற்றமும் சேர்ந்தே இருக்கிறது. கையில் மிச்சம் 130 பவுண்டு. சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு செலவு. ஒரு சுருட்டு நம் காசில் எட்டணா. குளிருக்கு உடுப்பு தைக்க 300 ரூபாயாவது ஆகும். அங்கே சாதாரணக் கூலிக்காரருக்கே தினம் ஒன்பது, பத்து ரூபாய் சம்பளம், அவ்வளவும் செலவாகிவிடுகிறது. சட்டம் போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சரியான கவனிப்பு. 1890-ல் வந்த மெக்கின்லி சட்டம், வெளிநாட்டுச் சரக்குக்கு எக்கச்சக்கமாக வரி போட்டிருந்தது.

சிக்கனத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி, பாஸ்டன் பக்கம் போய்விடுவது. கனடா ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்ற எழுத்தாளர் தன் பண்ணை வீட்டுக்கு அழைத்திருந்தார். தினம் ஒரு பவுண்டு மிச்சம். அந்த அம்மாளுக்கோ, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்ட இந்தியாவிலிருந்து ஓர் அதிசயம்! இப்படி இரண்டு தரப்பு லாபத்தையும் கடிதத்தில் அவரே சிரித்துக்கொண்டு எழுதுகிறார். தெருவில் தலைப்பாகையையும் அங்கியையும் பார்த்துக் கூச்சல் போட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆறு மாதமாவது தாங்கமுடிந்தால் தாங்குங்கள், முடியாவிட்டால் ஊர் திரும்பவாவது பணம் அனுப்புங்கள் என்று கேட்கிறார்.

அருப்புக்கோட்டையைத் தாண்டிப் போனால் திருச்சுழி. அந்த ஊர்ப் பையன் வேங்கடராமன் 1896-ல், அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மதுரையிலிருந்து ரயில் ஏறித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். போனதும் மிச்சமிருந்த சில்லறையையும் குளத்தில் வீசிவிட்டான். பின்னாளில் ரமண மகரிஷி. கணக்கு அத்தோடு முடிந்தது. விவேகானந்தர் அப்படி வீசமுடியாது. அது ஊரார் காசு. ஒவ்வொரு சுருட்டுக்கும் திருவல்லிக்கேணிக்குப் பதில் சொல்லவேண்டும்.

பாஸ்டன் பக்கத்தில் கிடைத்த ஹார்வர்டு பேராசிரியர் ரைட், சிபாரிசுக் கடிதம் எழுதி, சிகாகோவுக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். சுவாமி ரயிலிலிருந்து இறங்கிப் பார்த்தால், போகவேண்டிய விலாசம் தொலைந்துபோயிருந்தது! ராத்திரி சரக்கு யார்டில் ஒரு காலிப் பெட்டிக்குள் தூக்கம். காலையில் பணக்காரத் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். துரத்தினார்கள். களைத்துப்போய் தெருவோரம் உட்கார்ந்தவரை, எதிர்வீட்டிலிருந்து திருமதி ஹேல் பார்த்தார். இறங்கி வந்து, மாநாட்டுக்கு வந்தவரா என்று விசாரித்து, உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். ஓரிரு நாளில் மாநாடு. மிச்சம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அருப்புக்கோட்டை வந்துவிட்டது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். விரல் கணக்கு முடிந்திருக்கவேண்டும். ''இன்னொரு இருபதாயிரம் சேத்துக் குடுத்துர்றேன் அண்ணாச்சி. சங்கத்துல சீட்டு ஒண்ணு இருக்கு, எடுத்துரலாம்'' என்றபடி இறங்கிப்போனார்.