குலம் அழிந்தும் பெயர் அழியாத நிலம்: ரஞ்சன்காவ் வட்டாரத்தின் வம்சாவளி ஆவணங்கள்

புணே–அகில்யாநகர் நெடுஞ்சாலையில், ஷிரூர் தாலுகாவில் அமைந்த ரஞ்சன்காவ், அட்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலாலும் அதன் அருகே எழுந்த தொழிற்பேட்டையாலும் அறியப்படுவது. இவ்வட்டாரத்துக் குடிகளின் வரலாற்றைத் தேடுவோர் கோயிலைக் காட்டிலும் நிலவருவாய் ஏடுகளையே நாட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1538 முதல் திருச்சபைப் பதிவேடுகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவந்தன. தக்காணத்துச் சிற்றூர்களில் அத்தகைய மரபு இல்லை. இங்கு வம்சாவளி எழுதப்பட்டது, பெரும்பாலும் ஓர் உரிமையை நிறுவவோ மறுக்கவோ நேர்ந்தபோதுதான்.

1818-இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்தபின் புணேயின் கலெக்டராக இருந்த கேப்டன் ராபர்ட்சன், 1820-களின் தொடக்கத்தில் அளித்த அறிக்கையில் ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்தார். ஊர் நிலம் ‘தள்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அதனை முதலில் உடைமையாகக் கொண்ட குடும்பத்தின் பெயரால் வழங்கிற்று. அக்குடும்பத்தில் ஒருவர்கூட எஞ்சாத நிலையிலும் நிலத்தின் பெயர் மாறவில்லை. உரியவர் அற்றுப்போன நிலம் ‘கதகுல்’ எனப்பட்டது. ‘கத’ என்றால் கழிந்த. ‘குல்’ என்றால் குலம். குலம் மறைந்ததற்கு நிலமே சான்றாக நின்றது.

இச்சொற்களஞ்சியம் தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு அந்நியமானதன்று. பரம்பரை உரிமையுடன் உழுதவர் ‘மிராசுதார்’. வெளியிலிருந்து வந்து உழுதவர் ‘உபரி’. தொண்டை மண்டலத்து உள்குடி, பரகுடி வேறுபாட்டுடன் இதனை ஒப்பிடலாம். மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த ‘மிராசு’ இரு நிலங்களிலும் வேரூன்றியது. சென்னையில் எல்லிஸ் மிராசு உரிமை குறித்து எழுதியதும், புணேயில் ராபர்ட்சன் தம் விசாரணையை மேற்கொண்டதும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டிற்குள் நிகழ்ந்தவை. இரண்டிலும் வரி யாரிடம் வாங்குவது என்ற வினாவே நிலம் யாருடையது என்ற வினாவை எழுப்பியது.

பட்டேல், குல்கர்ணி முதலிய பரம்பரைப் பதவிகளாகிய வதன்களைப் பற்றிய வழக்குகள் மற்றொரு வகை ஆவணத்தை ஈன்றன. வழக்காடுவோர் தம் முன்னோர் வரிசையை ஊர்ச்சபை முன் எடுத்துரைக்க, தீர்ப்பு ‘மஹஜர்’ என எழுதப்பட்டது. எழுத்தறியாத உழவர் ஏர் உருவையும், கைவினைஞர் தத்தம் கருவியின் உருவையும் கையொப்பமாக இட்டனர். 1852-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டத்தின்கீழ் இனாம் ஆணையம் உரிமைகளை ஆராய்ந்தபோது, வீடுகளில் இருந்த சான்றுகள் அரசின் முன் வந்தன. இன்று புணே ஆவணக்காப்பகத்தின் பேஷ்வா தப்தரில் உள்ள கோடிக்கணக்கான தாள்களில் பெரும்பகுதி மோடி எழுத்தில் அமைந்தது. தஞ்சை மராத்தியர் ஆவணங்களைப் பயின்றோர் அறிந்த அதே எழுத்துதான்.

உரிமைக்காக எழுதப்பட்ட வம்சாவளியில் உரிமையற்றோர் இடம்பெறுவதில்லை. ஓர் ஊரில் தலைமுறைகளாக உழுத உபரிக்கும் முன்னோர் இருந்தனர்; ஆயின் அவர்களைப் பட்டியலிட வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. பெண்கள் தோன்றும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கணவன் வாரிசின்றி இறந்தபின், வதன் கைவிட்டுப் போகாமலிருக்கக் கைம்பெண் ஓர் ஆண்மகவைத் தத்தெடுக்கும் இடம். பிற்காலத்தில் பிறப்பும் இறப்பும் குறிக்கப்பட்ட கோத்வால் ஏட்டிலும், இன்னாருக்கு ஒரு மகள் என்ற அளவிலேயே பல பதிவுகள் நின்றுவிடுகின்றன.

இவ்வேடுகள் வெறும் பழம்பொருள்கள் அல்ல. மராத்தியருக்குக் குன்பிச் சான்றிதழ் வழங்குவது குறித்து 2023 செப்டம்பரில் நீதிபதி சந்தீப் ஷிண்டே குழு அமைக்கப்பட்டபின், கோத்வால் ஏடுகளும் பள்ளிப் பதிவேடுகளும் மாநிலமெங்கும் புரட்டப்பட்டன. மோடி எழுத்தைப் படிக்க வல்லோர் திடீரெனத் தேவைப்பட்டனர். ‘குன்பி’ என்ற ஒரு சொல் மூதாதை ஒருவரின் பெயரருகே கிடைத்தால் மட்டும் போதாது. அவரிலிருந்து விண்ணப்பதாரர் வரை வம்சாவளியும் நிறுவப்பட வேண்டும். ஓர் எழுத்தர் அன்று எழுதியதும் எழுதாமல் விட்டதும் இன்று ஒருவரின் கல்வி வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன.

மகள்களின் நிலை இதனினும் நுட்பமானது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989-இலும் மகாராஷ்டிரத்தில் 1994-இலும் சட்டமாயிற்று. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. அதன்பின் தந்தை இறந்தால் வாரிசுப் பதிவில் மகள் பெயரும் ஏறுகிறது. அடுத்த பதிவிலேயே ‘ஹக்கசோட் பத்திரம்’ என்னும் விடுதலைப் பத்திரத்தின்வழி, சகோதரர்களுக்காக அப்பெயர் நீங்குவதும் வழக்கமாக உள்ளது. அழிந்த குலத்தின் பெயரைக்கூட நிலத்தில் காத்து வைத்திருந்த ஒரு மரபில், உயிரோடிருக்கும் மகளின் பெயர் இரண்டு பதிவுகளுக்கு இடையே தோன்றி மறைகிறது. நிலம் தொழிற்பேட்டைகளாக விலையேறும் இவ்வட்டாரத்தில், எதிர்கால ஆய்வாளர் கவனமாகப் படிக்க வேண்டியது அவ்விரு பதிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தையே.